ஆளில்லாத கொட்டகை

கொட்டகை என்றதும் நம் மனதில் எழுவது நான்கு கால்களும் ஒரு கூரையும். பென்சில்வேனியாவின் குடியானவன் 'பார்ன்' என்று சொல்வதற்கு அது ஈடாகாது. நம் கிராமங்களில் களம் ஓரிடத்தில் இருந்தது, தொழுவம் இன்னோரிடத்தில், வைக்கோற்போர் அதற்கும் அப்பால், குதிரும் பத்தாயமும் வீட்டுக்குள். அறுவடைக்குப் பிந்திய வேலை பெரும்பாலும் வெயிலின் கீழ், எல்லோர் கண்முன்னும் நடந்தது. பனிக்காலம் நீண்ட ஒரு தேசத்தில் அது சாத்தியமில்லை. களம், தொழுவம், போர், குதிர் நான்கையும் அடுக்கி ஒரே கூரையால் மூடினால் வருவதுதான் அந்தக் கட்டிடம். பல பண்ணைகளில் அது உழவனின் வீட்டைவிடப் பெரியது. வேறு சொல் அகப்படாததால் கொட்டகை என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

இந்தக் கொட்டகைகள் அழிந்துகொண்டிருக்கின்றன. அழிவதைப் பற்றி வருந்துகிறவர்களும், வரைகிறவர்களும், கதை சொல்கிறவர்களும் நூறு வருஷத்துக்கு மேலாகவே இருந்துவருகிறார்கள். பாரம்பரியத்தைக் காப்பது என்று இதற்குப் பெயர். எதைக் காக்கிறோம் என்ற கேள்வி மட்டும் அதிகம் கேட்கப்படுவதில்லை. உருவத்தையா, உழைப்பையா, ஞாபகத்தையா? ஒரு சிறு ஊரின் சரித்திரத்தில் இதற்குப் பதில் தேடலாம் என்று எனக்குப் படுகிறது. ஊர் டாய்ல்ஸ்டவுன், பிலடெல்ஃபியாவுக்கு வடக்கே, பக்ஸ் கவுண்டியின் தலைநகர். காலம் ஏறத்தாழ 1910க்கும் 1930க்கும் இடைப்பட்டது.

*

முதலில் கட்டிடத்தின் வேலைமுறையைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் அதன் உருவத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பென்சில்வேனியாக் கொட்டகை ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகளோடு வந்த வடிவம். அதன் மூலம் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் இருப்பதை ராபர்ட் என்ஸ்மிங்கர் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். சரிவான நிலத்தில், ஒரு பக்கம் மண்ணில் புதையும்படி அதைக் கட்டுவார்கள். மேட்டுப்பக்கத்தில் மண்ணைக் கொட்டிச் சாய்வாக உயர்த்தியிருக்கும். கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி, குதிரைகளோடு அந்தச் சாய்வில் ஏறி நேராக மேல்தளத்துக்குள் போய்விடும். மேல்தளத்தின் நடுவில் பலகை பாவிய களம். இருபுறமும் உலர்ந்த புல்லையும் கதிர்க்கட்டுகளையும் கூரைவரை அடுக்க இடம். கீழ்த்தளத்தில் மாடுகளும் குதிரைகளும். மேலிருந்து துவாரத்தின் வழியாகப் புல்லைத் தள்ளினால் அவற்றின் முன்னால் விழும். மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டிச் சில அடி துருத்திக்கொண்டிருக்கும். அதன் அடியில் மழையும் பனியும் படாமல் மாடுகள் நிற்கலாம். அந்த முகப்பு பெரும்பாலும் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்திருக்கும், குளிர்கால வெயில் கிடைக்கட்டும் என்று.

கல்லால் எழுப்பிய பக்கச் சுவர்களில் உயரமான, குறுகிய பிளவுகள் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அவை கோட்டையின் அம்புத்துளைகள் மாதிரித் தெரியும். உண்மையில் அவை காற்றுக்காக வைத்தவை. ஈரம் முழுவதும் போகாத புல்லை அடுக்கிவிட்டால் அது உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பற்றிக்கொள்ளும். பல கொட்டகைகளின் சிவப்பு நிறத்துக்கும் இப்படித்தான் காரணம்: இரும்புத் துருவின் செம்மண்ணும் ஆளிவிதை எண்ணெயும் மலிவாகக் கிடைத்தன. அறுவடை கோடையில், கதிரடிப்பு பனிக்காலத்தில். இரண்டு கழிகளைத் தோல்வாரால் பிணைத்த அடிகோலால் நாளெல்லாம் அடித்துவிட்டு, எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து, குறுக்கே வீசும் காற்றில் தூற்றினார்கள். கதவு அவ்வளவு அகலமாக இருந்ததற்கும், எதிரில் இன்னொரு கதவு இருந்ததற்கும் இதுவே காரணம்.

ஆக, இந்தக் கட்டிடத்தில் அழகுக்கென்று இழுத்த கோடு அநேகமாக இல்லை. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு மிருகம், ஒரு பயிர், ஒரு பருவம், ஒரு பயம் இருக்கிறது.

*

சார்ல்ஸ் ஷீலர் 1883இல் பிலடெல்ஃபியாவில் பிறந்து அங்கேயே ஓவியம் பயின்றவர். ஆசிரியர் வில்லியம் மெரிட் சேஸ், லாகவமான தூரிகை வீச்சுக்குப் பேர்போனவர். 1908-09இல் ஷீலர் தம் நண்பர் மார்ட்டன் ஷாம்பர்க்கோடு ஐரோப்பா போனார். பாரீஸில் செஸானும் பிக்காஸோவும் பிராக்கும் செய்திருந்ததைப் பார்த்தார். கற்ற வித்தை இனி உதவாது என்று தெரிந்துவிட்டது. அதன் இடத்தில் எதை வைப்பது என்று தெரியவில்லை. நம்மில் பலருக்குப் பழக்கமான நிலைதான் இது.

திரும்பி வந்த நண்பர்கள் டாய்ல்ஸ்டவுனில் ஒரு சிறு கல்வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். 1768இல் கட்டியது. வார இறுதிகளில் அங்கே வந்து தங்கி வரைந்தார்கள். பிழைப்புக்காக ஷீலர் காமிராவை எடுத்து, கட்டிடக் கலைஞர்களுக்காக வீடுகளைப் படம்பிடித்துக் கொடுத்துவந்தார். கூலிக்குச் செய்த அந்த வேலை அவருடைய கண்ணை மாற்றிவிட்டது. 1917 வாக்கில் அவர் எடுத்த ஒரு புகைப்படத்தில் வெள்ளையடித்த கொட்டகைச் சுவர் ஒன்று ஏறத்தாழச் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நெடுக்கான பலகைகள், சொரசொரப்பான பூச்சு, சின்னத் திறப்புகள். 'பார்ன் அப்ஸ்ட்ராக்ஷன்' என்று அவர் பெயரிட்ட ஓவியமும் அதே 1917ஐச் சேர்ந்தது. வெற்றுத்தாளின் நடுவே கோண்டே கிரேயானின் கறுப்புக் கோடுகளால் ஒரு கொட்டகையின் முகப்பு. சுற்றிலும் நிலம் இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. ஒரு நூறு ஆண்டுகளில் குடியானவர்கள் தேவைக்கேற்ப ஒட்டிக் கட்டிய கூடுதல் கூரைகள், சுவர்கள், திறப்புகள் எல்லாம் தளங்களாகவும் கோணங்களாகவும் எஞ்சி நிற்கின்றன.

பாரீஸில் ஷீலர் பார்த்த க்யூபிஸம் டாய்ல்ஸ்டவுனில் ஏற்கனவே கல்லாலும் பலகையாலும் கட்டப்பட்டிருந்தது. அதைக் கட்டியவனுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஷீலரின் சாதனை இதைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு உருவத்தைக் கொண்டுவந்து உள்ளூர் விஷயத்தின்மேல் போர்த்துகிறவனுக்கும், உள்ளூர்ப் பொருளுக்குள்ளேயே உருவம் இருப்பதைப் பார்க்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கும் முக்கியமானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1917இல் கொட்டகை இறந்துபோன பொருள் அல்ல. அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மிக அதிகமாக இருந்த காலம் அது. இரண்டரைக் கோடிக்கும் மேல். கொட்டகை முழு உபயோகத்தில் இருந்தது. எனவே ஷீலரின் கோட்டில் ஏக்கம் இல்லை. அஸ்தமனச் சிவப்பு இல்லை, சாய்ந்த கதவு இல்லை, பாசி இல்லை. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கொட்டகை ஓவியர்களிடம் இவையெல்லாம் தாராளமாக உண்டு. அவர்களுடைய படத்தைப் பார்த்தால் வரைந்தவருடைய மனநிலை தெரியும். ஷீலரின் படத்தைப் பார்த்தால் கொட்டகை தெரியும். கறாரான பார்வையே ஒருவகை மரியாதைதான்.

*

ஷீலர் வரைந்துகொண்டிருந்த அதே ஊரில் இன்னொருவர் வேறொரு வழியில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஹென்றி மெர்சர்: 1856இல் டாய்ல்ஸ்டவுனில் பிறந்தவர், சட்டம் படித்தவர், புதைபொருள் ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1897இல் பழைய சாமான் வியாபாரி ஒருவரின் இடத்தில் குவிந்துகிடந்த கைக்கருவிகளைக் கண்டார். யந்திரம் வந்ததும் வீசி எறியப்பட்டவை. மண்ணுக்கு அடியில் ஆயிரம் வருஷத்துக் கல்லாயுதத்தைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, முந்தைய தலைமுறையின் ஆயுதம் குப்பையாகக் காலடியில் கிடப்பது உறைத்தது. அன்றிலிருந்து சேகரிக்கத் தொடங்கினார். அடிகோல், புல் அரியும் கத்தி, வெண்ணெய் கடையும் கலம், சக்கரம் செய்கிறவனின் உளி, வண்டி, படகு என்று எதையும் விடவில்லை.

இவற்றுக்காக 1913இல் ஒரு அருங்காட்சியகம் கட்ட ஆரம்பித்து 1916இல் முடித்தார். தீப்பற்றாமலிருக்க முழுக்கக் கான்கிரீட். கொட்டகைகள் எதனால் அழிகின்றன என்று தெரிந்தவருடைய தேர்வு அது. கான்கிரீட்டை உயரே ஏற்ற உதவியது லூசி என்ற ஒரு குதிரை. நடுமுற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வண்டிகளும் கூடைகளும் தொட்டில்களும் படகும் அந்தரத்தில் தொங்குகின்றன.

மெர்சர் காத்தது உழைப்பின் எலும்புக்கூட்டை. ஷீலரின் கொட்டகைக்குள் என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறவன் மெர்சரிடம்தான் போக வேண்டும். ஆனால் தொங்கும் கருவிக்குக் கை இல்லை. அடிகோலின் பிடி தேய்ந்திருப்பது தெரிகிறது. தேய்த்தவனின் தோள்பட்டை எப்படி வலித்தது என்பது தெரிவதில்லை. ஓவியனிடம் உருவம், சேகரித்தவரிடம் கருவி. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒன்றையொன்று நிறைவு செய்யாமல் தனித்தனியே நிற்கின்றன.

*

மூன்றாவது ஆள் கதை சொல்கிறவர். வாலஸ் நட்டிங், பாதிரியாராக இருந்து புகைப்படக்காரரானவர். பழைய அமெரிக்காவின் இனிமையைக் கையால் வர்ணம் தீட்டிய படங்களாக லட்சக்கணக்கில் விற்றவர். 1924இல் பென்சில்வேனியாவின் அழகுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பக்ஸ் கவுண்டிக்கு மேற்கே, பெர்க்ஸ், லீஹை பகுதிகளின் கொட்டகைகளில் வட்டத்துக்குள் நட்சத்திரம் தீட்டும் வழக்கம் இருந்தது. அவை சூனியக்காரியைத் தடுக்கும் குறிகள் என்று நட்டிங் அந்தப் புத்தகத்தில் எழுதினார்.

கதை பற்றிக்கொண்டது. கொட்டகை நட்சத்திரங்களுக்கு 'ஹெக்ஸ்' குறி, அதாவது சூனியக்குறி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பகுதியின் நாட்டார் வழக்காறுகளை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ஷூமேக்கர் போன்றவர்கள் இது வெறும் அலங்காரம் என்று மறுத்தார்கள். நட்சத்திரத்துக்கு ஆழமான பொருள் உண்டு என்று வாதித்தவர்களும் இருந்தார்கள். சர்ச்சை இருக்கட்டும். சந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. 1950களில் குறிகளை வட்டத் தட்டுகளில் அச்சடித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதிர்ஷ்டத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. இந்தக் குறிகளை அறவே போடாத ஆமிஷ் மக்களின் பெயரோடும் அவற்றைச் சேர்த்துவிட்டார்கள்.

கொட்டகைக்குள் ஒருவன் பனிக்காலம் முழுவதும் கதிரடித்தான் என்பதைவிட, அவன் சூனியத்துக்குப் பயந்தான் என்பது கேட்க சுவாரஸ்யமாக இருக்கிறது. முன்னதில் அவன் உழைப்பாளி. பின்னதில் வேடிக்கைப் பொருள். கிராமத்தைப் பற்றி நகரத்தான் சொல்லும் கதைகள் பலவற்றில் இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. கிராமத்தில் அவன் பயந்த உண்மையான விஷயங்கள் வேறு: ஈரப்புல், இடி, கடன்.

*

இனி ஷீலரிடம் திரும்ப வேண்டும். அவரைப் பற்றிய சங்கடமான பகுதி இதுதான்.

1917இல், ஷீலர் டாய்ல்ஸ்டவுனில் கொட்டகைகளை வரைந்துகொண்டிருந்த அதே வருஷத்தில், ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்டுசன்' என்ற மலிவு டிராக்டரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார். டிராக்டர் பெருகப் பெருகக் குதிரை போயிற்று. குதிரை போனதும் கீழ்த்தளத்தில் பாதி காலி. அறுத்துக்கொண்டே கதிரடிக்கும் யந்திரம் வந்ததும் களம் வயலுக்கே போய்விட்டது. மேல்தளத்துக்கு வேலை இல்லை. புல்லைக் கட்டாக இறுக்கும் யந்திரம் வந்ததும் பழைய அடுக்குமுறை மாறியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தகரக்கொட்டகை குறைந்த செலவில் எங்கும் எழுந்தது. 1935இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022இல் அவை 19 லட்சம்.

1927இல் ஃபோர்டு கம்பெனிக்காக அதன் ரூஜ் ஆலையைப் படம்பிடிக்க ஷீலர் அமர்த்தப்பட்டார். கார்களோடு ஃபோர்டுசன் டிராக்டரும் அப்போது அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம்தான் அது அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. ஆறு வாரம் தங்கிப் படமெடுத்தார். அதிலிருந்து 1930இல் 'அமெரிக்க நிலக்காட்சி', 1931இல் 'செவ்வியல் நிலக்காட்சி' என்று பொருள்படும் தலைப்புகளில் ஓவியங்கள் பிறந்தன. நிலக்காட்சி என்று பெயர். இருப்பது புகைபோக்கியும் தண்டவாளமும் சிமெண்ட் ஆலையும். கொட்டகைச் சுவரைப் பார்த்த அதே கண், அதே அமைதி, அதே சுத்தம். கொட்டகையைப் பயனற்றதாக்கிய ஆலையை, கொட்டகையைப் பார்த்த அதே சிரத்தையோடு பார்க்கிறார். அடுத்த வருஷமே, 1932இல், டாய்ல்ஸ்டவுனை விட்டு வெகுநாளான பிறகு, மறுபடியும் பக்ஸ் கவுண்டிக் கொட்டகையை எண்ணெய் வர்ணத்தில் தீட்டுகிறார். இரண்டுக்கும் நடுவில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதாகப் படத்தில் தடயம் இல்லை.

இதை வைத்து அவரை வியாபாரிகளின் ஓவியர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அது நியாயமல்ல. உபயோகத்திலிருந்து பிறக்கும் உருவம் என்ற ஒரே சத்தியத்தை அவர் இரண்டு இடத்திலும் கண்டார். அந்தச் சத்தியம் பாதிதான் என்பது என் எண்ணம். உருவத்தை மட்டும் நேசிக்கிற கண், அந்த உருவம் யாரை வாழவைக்கிறது, யாரை வெளியேற்றுகிறது என்று கேட்பதில்லை. 1939இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஷீலரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது அதன் ஏட்டுக்கு முன்னுரை எழுதியவர் அவருடைய நண்பர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். அவரும் பொருள்களின் துல்லியத்தை நம்பியவர். ஆனால் அவர் வைத்தியர். பகலெல்லாம் ஏழை வீடுகளில் பிரசவம் பார்த்தவர். துல்லியம் என்பதில் மனிதனின் உடம்பும் சேர்த்தி என்பது அவருக்குத் தொழிலால் தெரிந்திருந்தது.

*

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எரிக் ஸ்லோன் என்ற ஓவியர், பெயர்ப்பலகை தீட்டுவதில் தொடங்கியவர், 1954இலும் 1967இலும் கொட்டகைகளைப் பற்றிச் சித்திரங்களோடு புத்தகங்கள் வெளியிட்டார். மரச்சட்டம் எப்படிப் பொருந்துகிறது, எந்த மரத்தை எதற்கு வெட்டினார்கள் என்றெல்லாம் வரைந்து விளக்கினார். அவருடைய கருவிச் சேகரிப்புக்கு 1969இல் கனெக்டிகட்டில் ஒரு அருங்காட்சியகம் பிறந்தது. கொட்டகையின் மேல் ஜனங்களுக்கு ஆசை வந்தது. ஆசையின் விளைவு விநோதமானது: வெயிலிலும் மழையிலும் நரைத்த பழைய பலகைக்கு விலை ஏறி, உணவுவிடுதிச் சுவர்களை அலங்கரிப்பதற்காக அது கழற்றி விற்கப்பட்டது. 1987இல் பழைய கொட்டகைகளைப் புது உபயோகத்துக்குத் திருப்ப உதவும் ஒரு திட்டம் தேசிய அளவில் தொடங்கியது. 2001இல் ஒஹையோ மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் என்ற பெண்மணி, துணி ஒட்டுப்போர்வைகள் தைத்த தம் தாயாருக்கு மரியாதையாக, ஒரு போர்வைச் சதுரத்தைக் கொட்டகையில் தீட்டவைக்கும் முயற்சியை ஆரம்பித்தார். அது பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. இந்தக் கடைசி முயற்சியில் ஒரு விசேஷம் உண்டு. வீட்டுக்குள் இருந்த பெண்ணின் கைவேலை முதன்முறையாகக் கொட்டகையின் வெளிச்சுவருக்கு வந்தது. பால் கறந்ததிலும் வெண்ணெய் கடைந்ததிலும் அவள் பங்கு பெரியது. ஓவியங்களில் அவள் இல்லை.

இல்லாதவர்கள் வேறு சிலரும் உண்டு. 1737இல் பக்ஸ் கவுண்டியின் ரைட்ஸ்டவுனிலிருந்து, ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடக்கும் தூரம்வரை நிலம் என்ற பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, பாதையை முன்னதாகவே வெட்டி வைத்து, வேகமாக ஓடக்கூடியவர்களை அமர்த்தி, லெனாப்பே மக்களின் பெரும் நிலப்பரப்பைப் பென்சில்வேனியாவின் ஆட்சியாளர்கள் கைப்பற்றினார்கள். ஷீலர் தங்கிய கல்வீடு கட்டப்பட்டது இதற்கு 31 வருஷம் கழித்து. கொட்டகையைப் பாரம்பரியம் என்கிறோம். அது நின்ற மண்ணுக்கும் ஒரு பாரம்பரியம் இருந்தது. அதை எந்தக் கோண்டே கிரேயானும் தொடவில்லை, எந்தக் கான்கிரீட் முற்றத்திலும் அது தொங்கவில்லை.

*

இவ்வளவு தூரத்து ஊரைப் பற்றி நமக்கு என்ன? எழுதுகிறவர்கள் வாசிக்கும் பத்திரிகை இது என்பதால் சொல்கிறேன். நம் எழுத்திலும் களத்துமேடு நிறைய வருகிறது. பெரும்பாலும் அது நட்டிங்கின் வழியில் வருகிறது: வர்ணம் தீட்டி, கொஞ்சம் பேயும் சூனியமும் சேர்த்து. அதை வெறுத்தவர்கள் ஷீலரின் பக்கம் போகிறார்கள்: கறார், மௌனம், சுத்தமான கோடு. ஏக்கத்தை உதறிய அந்தப் பார்வை இல்லாமல் எதுவும் தொடங்க முடியாது என்றே நானும் நம்புகிறேன். காற்றுத்துளையை அம்புத்துளை என்று நினைக்கிறவன் கிராமத்தைப் பற்றி எழுதக் கூடாது. அதோடு நின்றுவிட்டால் மட்டும் போதாது.

ஷீலரின் 'அமெரிக்க நிலக்காட்சி'யில் தண்டவாளத்தின் ஓரம் ஒரு மனிதன் இருக்கிறான். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சிறியவன். ஓடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. அவன் எந்தப் பண்ணையை விட்டு வந்தவன், அவனுடைய கொட்டகை என்ன ஆயிற்று என்று அந்தப் படத்தில் இல்லை. ஓவியன் அவனைத் துல்லியமாக, அவனுக்குரிய அளவில், அவனுடைய இடத்தில் வைத்துவிட்டான். அவன் பெயரை விசாரிக்க வேண்டியது எழுதுகிறவனின் வேலை.